செம்பா, அலுமினியமா? வீட்டில் செய்யும் வாட்டர் பிளாக்குக்கு ஒரு வழிகாட்டி

கம்ப்யூட்டர் பிராசசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் பிளாக்கைத் தாமே செய்துபார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "தகடு எவ்வளவு அழுத்தம் தாங்கும்?" என்பதைத்தான். அடுத்த கேள்வி, "செம்பா, அலுமினியமா?" லேத் பட்டறைக்குப் போய் நின்ற பிறகுதான் மூன்றாவது கேள்வி வருகிறது. அதைப் பட்டறைக்காரர் கேட்கிறார்: "அளவு எவ்வளவு கரெக்டா வேணும் சார்?" இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தால் செலவும் குறையும், ஒழுகலும் குறையும். துல்லியம் எங்கே வேண்டும் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். உலோகம் அதற்குப் பிறகு. வலிமை எண்ணைக் கடைசியாக ஒருமுறை பார்த்தால் போதும்.

பொருள் என்னவோ எளியதுதான். பிராசசர் மேல் உட்காரும் ஒரு அடித்தகடு, அதன் உள்பக்கம் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள், மேலே ஒரு மூடி, இடையில் ஓ-ரிங், குழாய் மாட்ட இரண்டு மரைத்துளைகள். கடையில் விற்கும் பிளாக்கில் மயிரிழை போன்ற துடுப்புகள் இருக்கும். வீட்டுப் பிளாக்கில் இருக்காது. மற்றபடி இரண்டும் ஒன்றே.

தண்ணீர் உடைக்காது, ஸ்க்ரூ உடைக்கும்

அழுத்தத்திலிருந்தே தொடங்கலாம். இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் டி5 வகை பம்ப் தண்ணீரை அதிகபட்சம் 4 மீட்டர் உயரத்துக்குத்தான் ஏற்றும். 10 மீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்பதால், பம்ப் தருவது 0.4 பார். கணக்குக்கு 0.5 பார் என்றே வைத்துக்கொள்வோம். 50 மி.மீ.க்கு 50 மி.மீ. மூடியின் மேல் அது சுமார் 125 நியூட்டன், அதாவது பன்னிரண்டரை கிலோ எடையை மூடி முழுக்கப் பரப்பி வைத்ததற்குச் சமம்.

ஓரங்கள் இறுக்கிப் பிடிக்கப்பட்ட 3 மி.மீ. செம்புத் தகட்டில் இது உண்டாக்கும் தகைவு 4 மெகாபாஸ்கலைச் சற்றே தாண்டும். நன்றாகச் சூடாக்கி மென்மையாக்கிய செம்புகூட நிரந்தரமாக வளையத் தொடங்குவது சுமார் 70 மெகாபாஸ்கலில். 5 மி.மீ. அக்ரிலிக் மூடியில் தகைவு ஒன்றரை மெகாபாஸ்கல். அக்ரிலிக் உடைவது 70-ஐ ஒட்டி. ஆக, தண்ணீர் அழுத்தம் என்ற தேர்வில் எல்லாப் பொருளும் தேறிவிடும். "இது வெடிக்குமா?" என்ற கவலையை இங்கேயே விட்டுவிடலாம்.

இப்போது ஸ்க்ரூவைப் பாருங்கள். ஓர் எம்4 ஸ்க்ரூவை 0.8 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கினால், அது கீழே அழுத்தும் விசை ஏறத்தாழ 1,000 நியூட்டன். சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் கோபமாகத் திருப்பினாலே இந்த முறுக்கு வந்துவிடும். நான்கு ஸ்க்ரூ என்றால் 4,000 நியூட்டன்; தண்ணீர் தள்ளுவதைப்போல முப்பது மடங்குக்கு மேல். வீட்டுப் பிளாக்குகளில் அக்ரிலிக் மூடி விரிசல் விடுவது பெரும்பாலும் ஸ்க்ரூத் துளையைச் சுற்றித்தான். மூடியைத் தடிமனாக்குவதைவிட, ஸ்க்ரூத் தலைக்கடியில் அகலமான வாஷர் போடுவதும், மூலைவிட்டமாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குவதும் அதிகப் பலன் தரும்.

அடுத்தது விறைப்பு. பொருள் விவர அட்டவணையில் 6061-டி6 அலுமினியத்தின் இளகு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) 276 மெகாபாஸ்கல் என்றும், ஜன்னல் சட்டத்துக்குப் போகும் 6063-டி5-இன் வலிமை 145 என்றும் இருக்கும். முதலாவது இரண்டு மடங்கு உறுதி, ஆகவே பாதிதான் வளையும் என்று நினைத்தால் அது தவறு. இரண்டின் மீள்மைக் குணகமும் ஒன்றே, சுமார் 69 கிகாபாஸ்கல். ஒரே சுமையில், ஒரே தடிமனில் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். உறுதியானது சுமையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். மென்மையானது ஓர் எல்லைக்கு மேல் திரும்பாது. வித்தியாசம் அவ்வளவுதான். வளைவைக் குறைக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே பெரிய ஆயுதம் தடிமன். தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும்.

வலிமை எண் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. செம்பு மூடியைச் செம்பு அடித்தகட்டோடு பிரேசிங் செய்து ஒட்ட நினைப்பவர்கள் 600 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். கடினமாக உருட்டிய செம்பின் இளகு வலிமை 300 மெகாபாஸ்கலுக்கு அருகில் இருந்தாலும், அந்தச் சூட்டில் அது 70-க்கு இறங்கிவிடும். வெப்பம் கடத்தும் திறன் குறையாது. தகடு மட்டும் மெழுகாகிவிடும். பிறகு மதர்போர்டில் மாட்டி நான்கு மூலையில் இறுக்கும்போது, 2 மி.மீ. அடித்தகடு நடுவில் பிராசசர் தாங்க, ஓரங்களில் நிரந்தரமாகத் தழைந்துவிடும். பிரேசிங் செய்வதானால் அடித்தகடு 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஈயப் பற்று வைத்தால் 250 டிகிரிக்குள் வேலை முடிந்துவிடும் என்பதால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். அலுமினியத்தை வெல்டிங் செய்தாலும் இதே கதைதான்: பற்றவைத்த இடத்தை ஒட்டி, டி6 என்று காசு கொடுத்து வாங்கிய உறுதி போய்விடும்.

வெப்பக் கணக்கு என்ன சொல்கிறது

வெப்பக் கடத்தலில் செம்புதான் முதல், அதில் விவாதமில்லை. மின்சாரத்துக்குப் பயன்படும் தூய செம்பின் எண் 390. 6061 அலுமினியம் 167. எளிதில் கடையும் பித்தளை 115. எவர்சில்வர் 16. அலகு, ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு இத்தனை வாட். இந்த எண்களைப் பார்த்ததும் அலுமினியம் பாதிக்கும் கீழ் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

150 வாட் வெப்பம், 30 மி.மீ. சதுரப் பரப்பு, 3 மி.மீ. தடிமன். இந்தத் தகட்டின் கீழ்ப்புறத்துக்கும் மேல்புறத்துக்கும் இடையே செம்பில் 1.3 டிகிரி வித்தியாசம் வரும். அலுமினியத்தில் 3 டிகிரி. பித்தளையில் 4.3. எவர்சில்வரில் 31. துடுப்புகளுக்குள் வெப்பம் ஏறும்போது அலுமினியம் இன்னும் கொஞ்சம் பின்தங்கும்; அதையும் சேர்த்தால் செம்புக்கும் அலுமினியத்துக்கும் சுமார் இரண்டரை டிகிரி. உண்மையான சில்லில் வெப்பம் நடுவில் ஒரு சிறு இடத்தில் குவிவதால் வித்தியாசம் இதைவிடச் சற்றுக் கூடும். இருந்தாலும் ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கும்.

தகட்டிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் இறங்கும் இடத்தைப் பாருங்கள். வாய்க்காலே வெட்டாமல் மொட்டையான தளத்தின் மேல் தண்ணீரை ஓடவிட்டால், தோராயமாக 33 டிகிரி அங்கே மட்டும் விழும். அதே 30 மி.மீ. பரப்பில் 1 மி.மீ. இடைவெளி, 1 மி.மீ. துடுப்பு, 3 மி.மீ. ஆழம் என்று 15 வாய்க்கால் வெட்டினால் பரப்பு மூன்றரை மடங்காகி, அந்த 33 டிகிரி சுமார் பத்துக்கு வந்துவிடும். வாய்க்கால் வெட்டுவது இருபது டிகிரிக்கு மேல் மிச்சம் பிடிக்கிறது. உலோகத்தை மாற்றுவது இரண்டரை டிகிரி. இதைப் பழைய ஆய்வு ஒன்றே நிறுவியிருக்கிறது. 1981-இல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேனும் பீஸும் சிலிக்கானிலேயே 50 மைக்ரான் அகல வாய்க்கால்களைச் செதுக்கி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தைத் தண்ணீரால் வெளியேற்றிக் காட்டினார்கள். சிலிக்கான் செம்பைவிடக் கடத்தலில் குறைந்ததுதான்.

தகட்டுக்கும் பிராசசருக்கும் இடையே பேஸ்ட். சாதாரண பேஸ்டின் கடத்தல் எண் சுமார் 5. செம்பில் எண்பதில் ஒரு பங்கு. அடித்தகடு சரியான தட்டையாக இல்லாமல் பேஸ்ட் 0.1 மி.மீ. தடிமனாக நின்றால் 3.3 டிகிரி. 0.02 மி.மீ.க்கு நசுங்கினால் 0.7 டிகிரி. ஆகவே, நன்றாகத் தட்டையாக்கிய அலுமினியப் பிளாக், கோணலான செம்புப் பிளாக்குக்குச் சளைக்காது. செம்புக்குக் கொடுக்கும் காசைத் தட்டைக்குக் கொடுங்கள் என்று சொல்வேன்.

முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள்

செம்பா அலுமினியமா என்பதை உண்மையில் தீர்மானிப்பது உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் ரேடியேட்டர்தான். தனியாக விற்கும் கம்ப்யூட்டர் ரேடியேட்டர்களில் பெரும்பாலானவை செம்பும் பித்தளையும். மூடிய, ஒரே தொகுப்பாக வரும் கூலர்களிலிருந்து கழற்றியவை பெரும்பாலும் அலுமினியம். பழைய கார் ஹீட்டர் கோர் என்றால் செம்பு-பித்தளை. புதிய கார்களுடையது அலுமினியம். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தாலே நிறம் சொல்லிவிடும்.

ஒரே தண்ணீர்ச் சுற்றில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். இரண்டும் நேராகத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. செம்பிலிருந்து தண்ணீரில் கரையும் நுண்ணளவு அயனிகள் அலுமினியத்தின் மேல் படிந்து, படிந்த ஒவ்வொரு புள்ளியிலும் குழி தோண்டும். அரிப்பில் வரும் வெண்சேறு 1 மி.மீ. வாய்க்காலை அடைப்பதற்கு அதிக நாள் ஆகாது. கார் கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான் இதைத் தள்ளிப்போடும், நிறுத்திவிடாது. அனோடைசிங் பூச்சும் கீறல் விழாதவரைக்கும்தான்.

ஆகவே செம்பு ரேடியேட்டர் இருந்தால் செம்புப் பிளாக். அலுமினிய ரேடியேட்டர் இருந்தால் அலுமினியப் பிளாக், கூடவே தடுப்பான் கலந்த கூலன்ட். கடையில் கிடைக்கும் குழாய் இணைப்புகள் பெரும்பாலும் நிக்கல் பூசிய பித்தளை என்பதையும் மறக்க வேண்டாம். அலுமினியச் சுற்றில் முடிந்தவரை பிளாஸ்டிக் இணைப்புகளே நல்லது.

கடையில் என்ன கேட்பது

செம்புக்குச் சரியான இடம் பாத்திரக் கடை அல்ல, மின்பலகை செய்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடை. அங்கே "காப்பர் பஸ்பார்" என்று கேட்டால் 50 மி.மீ. அகலத்தில் 6, 10 மி.மீ. தடிமன் பட்டைகள் கிடைக்கும். மின் கடத்தலுக்கென்றே செய்தது என்பதால் தூய்மையைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டியதில்லை. 50-க்கு 50-க்கு 10 மி.மீ. துண்டு சுமார் 225 கிராம் இருக்கும். அதே அளவு அலுமினியம் 68 கிராம். கிலோ விலையும் செம்புக்கு மூன்று மடங்குக்கு மேல் என்பதால், ஒரே அளவுத் துண்டுக்குச் செம்பு பத்து மடங்கு விலையாகும். ஆனால் பிளாக்கின் மொத்தச் செலவில் பெரும்பங்கு கடைசல் கூலி. ஒரு துண்டு போதும் என்பவருக்கு உலோக விலை பெரிய விஷயமல்ல.

தூய செம்பு கடைவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பசை போல உளியில் ஒட்டும், டிரில்லைப் பிடித்து இழுக்கும், பிசிறு விடும், சின்ன டேப்பை உள்ளேயே முறித்துவிடும். எளிதில் கடையும் பித்தளையின் கடைசல் தரத்தை 100 என்று வைத்தால் தூய செம்புக்கு 20. டெல்லூரியம் கலந்த செம்பு இதற்கு நல்ல மாற்று. கடைசல் தரம் 85, வெப்பக் கடத்தல் 355. ஆனால் சில்லறையாக எளிதில் கிடைக்காது. பஸ்பாரை எடுத்துப் போகும்போது, கூர்மையான புதிய உளி வேண்டும் என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

அலுமினியத்தில், நம் ஊர் உலோகக் கடைகளில் இன்றும் பழைய பெயர்கள் ஓடுகின்றன. ஹெச்இ 9 என்றால் 6063; ஹெச்இ 20 என்றால் 6061; ஹெச்இ 30 என்றால் 6082. கடைசலுக்குக் கட்டியாகக் கேட்டால் ஹெச்இ 30 தருவார்கள். தாராளமாக வாங்கலாம்; கடத்தல் 6061-ஐ ஒட்டியதே, மண்ணெண்ணெய் விட்டுக் கடைந்தால் வழவழவென்று வரும். ஹெச்இ 9 கடத்தலில் ஒருபடி மேல், 200-ஐத் தொடும். ஆனால் மென்மையானது, மரை அவ்வளவு சுத்தமாக விழாது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் வார்ப்பு அலுமினியத்தைத் தொடாதீர்கள். உள்ளே ஊசித்துளைகள் இருக்கும். வெளியே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

பித்தளை கடைவதற்குச் சுகம், ஆனால் அடித்தகட்டுக்கு வேண்டாம். செம்புச் சுற்றில் மூடிக்கும் அடைப்பானுக்கும் அருமையாகப் பொருந்தும். எவர்சில்வருக்கு இந்த வேலையில் ஸ்க்ரூவைத் தவிர இடமில்லை.

எந்த மெஷின், எந்த வாய்க்கால்

கையில் டிரில்லிங் மெஷின் மட்டும் இருப்பவருக்குத் துளையிட்ட கட்டி. 50 மி.மீ. சதுரம், 20 மி.மீ. தடிமன் அலுமினியக் கட்டி எடுத்து, அடியில் 3 மி.மீ. விட்டு, பக்கவாட்டில் 8 மி.மீ. துளை நான்கு. இரண்டு முனைகளில் குறுக்குத் துளையால் அவற்றை இணைத்து, வெளிவாய்களை 8.8 மி.மீ.க்கு விரித்து 1/8 இஞ்ச் பிஎஸ்பி மரை போட்டு அடைப்பது. உள்பரப்பு 5,000 சதுர மி.மீ. வரும், மேலே சொன்ன 15 வாய்க்காலைவிட அதிகம். துளையின் மேல்பாதி வெப்பத்திலிருந்து தள்ளி இருப்பதால் முழுப் பரப்பும் சமமாக உழைக்காது. ஆனால் மூடி இல்லை, பெரிய ஓ-ரிங் இல்லை, வளைவதற்கு ஒன்றும் இல்லை. முதல்முறை செய்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வடிவம் கிடையாது. அடைப்பானும் அலுமினியமாகவோ டெல்ரின் பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். பித்தளை அடைப்பானைப் போட்டு அரிப்பை விலைக்கு வாங்காதீர்கள். செம்பில் இதே கட்டி 450 கிராம் இருக்கும், ஆழத் துளையிடுவதும் பாடு. அதனால் இது அலுமினியத்துக்கான வடிவம்.

மில்லிங் மெஷின் கிடைத்தால் 3 மி.மீ. எண்ட் மில்லால் பாம்பு போல வளைந்து போகும் ஒரே வாய்க்கால் வெட்டலாம். பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் ஒவ்வொரு திருப்பத்திலும் அழுத்தத்தை இழக்கும், பரப்பும் பெரிதாக வராது. ஸ்லிட்டிங் சா எனும் மெல்லிய வட்ட வாளைப் பொருத்தி நேர்க்கோடாக 1 மி.மீ. வாய்க்கால்களை வெட்டுவது நேரத்திலும் பலனிலும் மேல். அரை மி.மீ. வாள் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். செம்பில் அது அடிக்கடி உடையும், உடைந்த வாளின் விலையும் உங்கள் கணக்கில்தான் சேரும். சிஎன்சி பட்டறைகள் ஒற்றைத் துண்டுக்கு புரோகிராம், செட்டிங் கூலி வாங்குவதால், இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே வடிவில் செய்தால்தான் கட்டுப்படியாகும்.

மூடிக்கு அக்ரிலிக்கா, டெல்ரினா? தண்ணீர் ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால் அக்ரிலிக். 8 மி.மீ.க்குக் குறையாத, வார்த்தெடுத்த ரகம். பெயர்ப்பலகைக் கடையில் லேசரில் வெட்டினால் ஓரங்களில் உள்தகைவு தங்கிவிடும். அதன் மேல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பட்டால் கண்ணெதிரே நுண்விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரைத் தவிர எதையும் அதன் மேல் ஊற்றாதீர்கள். டெல்ரின் ஒளி புகாதது, ஆனால் மரை தாங்கும், ரசாயனத்துக்கு அசையாது, தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். நைலானும் பார்க்க அதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. ஆனால் தண்ணீரில் ஊறி அளவு மாறும். கடையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். த்ரீடி பிரிண்டரில் பிஎல்ஏ மூடி அச்சடிப்பவர்கள் உண்டு. பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். அடுக்குகளுக்கிடையே தண்ணீரும் கசியும். மாதிரி பார்க்க மட்டும் அச்சடியுங்கள்.

வரைபடத்தில் எழுத வேண்டியவை

எல்லா அளவுக்கும் பக்கத்தில் ±0.01 என்று எழுதிக்கொண்டு போனால் பட்டறைக்காரர் ஒன்று மறுத்துவிடுவார், அல்லது தலையாட்டிவிட்டு வழக்கம்போலச் செய்வார். பொதுவான அளவுகளுக்கு "ஐஎஸ்ஓ 2768-எம்" என்று ஒருவரி போதும். 6 மி.மீ.க்கு மேல் 30 வரை ±0.2, 120 வரை ±0.3 என்று அது அனுமதிக்கிறது. பிளாக்கின் வெளி அளவு 50.3 ஆனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றே மூன்று இடங்களில் கறாராக இருங்கள்.

முதலாவது அடித்தளத்தின் தட்டை: 0.03 மி.மீ.க்குள். இதை வழவழப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பஃப் சக்கரத்தில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்கிப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பஃப் சக்கரம் ஓரங்களை உருட்டிவிடும். பளபளப்பு கூடும், தட்டை போய்விடும். சர்ஃபேஸ் கிரைண்டிங் கேட்பதும் வீண். செம்பும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது, கல்லின் கண்களையும் அடைத்துவிடும். மில்லிங்கில் ஃப்ளை கட்டரால் ஒரு மெல்லிய வெட்டு, அல்லது நான்கு தாடை சக்கில் பிடித்து லேத்தில் ஃபேசிங். அதன்பிறகு வீட்டில் தடித்த கண்ணாடியின் மேல் வாட்டர் பேப்பரைப் பரப்பி 400, 800, 1200 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். தேய்க்கும் முன் அடித்தளத்தில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். கோடு அழியாத இடம்தான் பள்ளம்.

வேலையின் வரிசையையும் வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்: முதலில் வாய்க்கால், கடைசியில் அடித்தளம். உருட்டிய பஸ்பாருக்குள் தகைவு உறைந்திருக்கும். ஒருபக்கம் உலோகத்தை வெட்டி எடுத்ததும் தகடு மெல்ல வளையும். அடித்தளத்தை முதலில் சமப்படுத்திவிட்டுப் பிறகு வாய்க்கால் வெட்டினால், சமப்படுத்திய கூலி வீண். கடைசி வெட்டின்போது வைஸை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. பிடியில் தட்டையாக இருந்தது விட்டதும் நெளியும்.

இரண்டாவது ஓ-ரிங் காடி. 2 மி.மீ. ரிங்குக்கு ஆழம் 1.5, அகலம் 2.7 மி.மீ.; ஆழத்துக்கு மட்டும் ±0.05. ரிங் கால்பங்கு நசுங்க வேண்டும், நசுங்கியது விரிய இடமும் வேண்டும். காடியின் நீளவாக்கில் உளிக்கோடு இருந்தால் பரவாயில்லை. குறுக்காக ஒரு கீறல் இருந்தாலும் தண்ணீர் அதன் வழியே வெளியே வரும். ஸ்க்ரூத் துளைகள் ரிங்குக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம் என்று நினைப்போம், எழுதிவிடுங்கள். ரிங் ஈபிடிஎம் ரப்பராக இருந்தால் சிறப்பு, நைட்ரைல் போதுமானது.

மூன்றாவது குழாய் மரை. கம்ப்யூட்டர் இணைப்புகளின் மரை ஜி 1/4, அதாவது கால் இஞ்ச் பிஎஸ்பி நேர்மரை: இஞ்சுக்கு 19 புரி, டேப்புக்கு முன் 11.8 மி.மீ. துளை. "கால் இஞ்ச் பைப் மரை" என்று மட்டும் சொன்னால் சில பட்டறைகளில் கூம்பு மரை டேப்பை எடுப்பார்கள். அமெரிக்க என்பிடி டேப் இருந்தால் அதையும் எடுப்பார்கள். என்பிடியில் இஞ்சுக்கு 18 புரி, கோணமும் வேறு. ஒரு சுற்று உள்ளே போய் இறுகும், பொருந்திவிட்டது போலத் தோன்றும். அக்ரிலிக் மூடியில் கூம்பு மரை ஆப்பு போல வேலை செய்து மூடியைப் பிளந்துவிடும். இணைப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, அதை மாட்டிப் பார்த்து வாங்குவதுதான் சரி. துளைவாயைச் சுற்றித் தளமும் சமமாக இருக்க வேண்டும்; தண்ணீரைத் தடுப்பது மரையல்ல, இணைப்பின் கீழிருக்கும் ரிங். அளவுகளை மி.மீ.யிலேயே எழுதுங்கள். ஹார்டுவேர் கடையில் போல்ட்டை நூல் கணக்கில் கேட்கும் பழக்கம் இங்கே குழப்பத்தில்தான் முடியும்.

என் தேர்வு

செம்பு ரேடியேட்டரும் மில்லிங் வசதியும் இருப்பவர் 10 மி.மீ. பஸ்பாரில் 1 மி.மீ. வாய்க்கால் வெட்டி, அடியில் 3 மி.மீ. விட்டு, மேலே டெல்ரின் மூடி போடட்டும். வீட்டில் செய்யக்கூடியதில் இதுவே சிறந்தது. அலுமினிய ரேடியேட்டர் இருப்பவர், கையில் டிரில்லிங் மெஷின் மட்டும் இருந்தாலும், ஹெச்இ 30 கட்டியில் துளையிட்ட பிளாக் செய்துகொள்ளலாம். சில டிகிரி கூடும், ஒழுகும் வாய்ப்பு குறையும். செம்பு ரேடியேட்டரை வைத்துக்கொண்டு விலைக்காக அலுமினியப் பிளாக்குக்குப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த நிலையில் செய்யாமல் இருப்பதே மேல்.

எதைச் செய்தாலும், மாட்டும் முன் ஒரு வாயை அடைத்து, மறுவாயில் அழுத்தமானி உள்ள சைக்கிள் பம்பால் 0.5 பார் காற்று ஏற்றி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அடைபட்ட காற்று மூடியை உடைத்தால் துண்டு முகத்துக்குப் பறக்கும். குமிழி வரவில்லை என்றால் கம்ப்யூட்டரில் பொருத்தி, பம்புக்கு மட்டும் தனி மின்சாரம் கொடுத்து, இணைப்புகளின் கீழ் டிஷ்யூ காகிதம் வைத்து 24 மணி நேரம் ஓடவிடுங்கள். அதுவரை மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.